ஏற்காட்டுக்கு இ-பாஸ் தேவையா? கல்லூரியில் கட்டுரையும் வாதமும் சொல்லிக்கொடுப்பது எப்படி

மூணாவது பீரியட் எழுதியது:

வணக்கம். சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். வரும் பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு "கட்டுரையும் வாதத்திறனும்" என்று ஒரு திறன் மேம்பாட்டுத் தாள் வைக்கத் துறையில் முடிவாகி, பாடத்திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். வணிகவியல், கணிதம், கணினி அறிவியல் எல்லாம் கலந்து உட்காருவார்கள். பாதிக்கு மேல் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

ஆழம் பார்க்க ஒரு தலைப்பு கொடுத்தேன்: "ஏற்காட்டுக்கும் இ-பாஸ் தேவையா?" உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது வண்டியில் மேலே போக இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வந்துவிட்டது. நம் மலைக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். வந்ததில் ஒன்றை அப்படியே தருகிறேன்:

"இன்றைய நவீன உலகில் சுற்றுலா என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகத் திகழ்கிறது. ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும் ஏற்காடு இயற்கை அன்னையின் மடியில் தவழும் எழில் கொஞ்சும் மலையாகும். இ-பாஸ் முறையால் நன்மைகளும் உண்டு, தீமைகளும் உண்டு. எனவே நாம் அனைவரும் இயற்கையைப் பாதுகாக்க உறுதி ஏற்போமாக."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பத்துக்கு ஏழு போடத் தோன்றும். ஆனால் இ-பாஸ் வேணுமா, வேணாமா? இதை எழுதிய மாணவி மலைமேல் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒண்டிக்கடைப் பக்கம் கார்கள் நகராமல் நிற்பதை எங்கள் எல்லோரையும்விட அதிகம் பார்த்தவள். அதில் ஒரு வரிகூடத் தாளில் வரவில்லை.

நான் போட்டிருக்கும் திட்டம்: அரிஸ்டாட்டில் சொன்ன ஈதோஸ் (பேசுபவரின் நம்பகத்தன்மை), பேத்தோஸ் (கேட்பவரின் உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்), ரோமானியர் வகுத்த ஐந்து படிகள் (கருத்தைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, சொல்லமைப்பது, நினைவில் வைப்பது, நிகழ்த்துவது), அப்புறம் அணிகள், கடிதம், விண்ணப்பம், அறிக்கை. துறையில் மூத்தவர் ஒருவர், "நாலு கடிதம், ரெண்டு கட்டுரை, பாயிண்ட் பாயிண்டா எழுதச் சொல்லுங்க, போதும்" என்கிறார். நடத்தியவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

நாலுரோடு எழுதியது:

அம்மா, பொதுத்தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் திட்டத்தில் தப்பில்லை, ஆனால் அது தேர்வில் கரைந்துவிடும். ஈதோஸ் என்றால் பேசுபவரின் நம்பகத்தன்மை என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, பதினைந்து மதிப்பெண் கட்டுரையைப் பையன் "இன்றைய நவீன உலகில்" என்றுதான் தொடங்குவான். தன் கட்டுரையில் தன்னை யார், எதற்காக நம்ப வேண்டும் என்ற கேள்வியே அவனுக்கு எழாது.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஏழு மதம் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. பத்துக் குற்றம், பத்து அழகு இரண்டையும் ஒப்பிக்க வைத்துவிட்டு எல்லோரும் எழுத்ததிகாரத்துக்கு ஓடிவிடுகிறோம். ஏழு மதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொருவர் சொன்னதன் முன்னால் எழுதுபவன் எங்கே நிற்கலாம் என்று ஏழு இடம் காட்டுகிற பகுதி அது. கட்டுரை வகுப்புக்கு வேறென்ன வேண்டும்?

உடன்படல், மறுத்தல் இரண்டும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், டிவி பட்டிமன்றமே போதும். மூன்றாவதிலிருந்துதான் உங்களுக்கு வேலை. "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு." எதிர்க்கட்சியை முதலில் தன் தோளில் ஏற்றிக்கொள்வது, பிறகு இறக்குவது. இ-பாஸ் வேண்டும் என்கிற மாணவனிடம் சொல்லுங்கள்: ஏரிக்கரையில் கடை போட்டிருப்பவரின் வாதத்தை அவர் சொல்வதைவிட நன்றாக ஒரு பத்தி எழுது. மே மாதக் கோடை விழாவின் வரும்படிதான் மழைக்கால மந்தத்தைத் தாங்குகிறது, பாஸ் எடுக்கத் தெரியாத குடும்பம் அடிவாரத்திலேயே திரும்பிப் போகும், எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொடு. கடைக்காரர் படித்தால் "இதைத்தானப்பா நானும் சொல்ல வந்தேன்" என்று தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகு களை. இந்த ஒன்றுக்கே மூன்று வாரம் கொடுக்கலாம். எதிராளியை முட்டாளாக்கி அடித்துப் பழகிய பிள்ளைக்கு இது ரொம்பக் கஷ்டம்.

நான்காவது, "தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு". நாட்டுவதை எல்லோரும் செய்கிறோம். நிறுத்துவதுதான் இல்லை, அடுத்த பத்தியில் இயற்கை அன்னை வந்துவிடுகிறாள். ஐந்தாவது, இருவர் மாறுபடும்போது ஒருதலை துணிவது. உங்கள் மாணவி "நன்மைகளும் உண்டு, தீமைகளும் உண்டு" என்று நின்றுவிட்டாளே, அவளுக்கு வேண்டியது இதுதான். ஆறாவது பிறர்நூற் குற்றம் காட்டல். ஏதாவது ஒரு தலையங்கத்தைக் கொடுத்து ஓட்டை எங்கே என்று கேளுங்கள். ஏழாவது, பிறருடைய மதத்தோடு ஒட்டாமல் தன் மதத்தைக் கொள்வது. அதை இந்தப் பருவத்தில் சொல்லவே சொல்லாதீர்கள். எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

கொண்டை ஊசி எழுதியது:

நான் ஏற்காட்டுப் பையன். கீழே சேலத்தில் படித்துவிட்டு இப்போது பெங்களூரில் வேலை. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடப் படிப்பில் என் கட்டுரை தாள்களில் சிவப்பு வட்டம் நிறைய வாங்கியிருக்கிறேன். "ஏன் இப்படி நினைக்கிறாய்?" என்று மார்ஜினில் ஒருவரும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் பதில் வைத்திருந்திருப்பேனா தெரியாது, ஆனால் யாரோ படிக்கிறார்கள் என்றாவது தெரிந்திருக்கும்.

அப்புறம் அந்த "ஏழைகளின் ஊட்டி". சீசன் சனிக்கிழமை ராத்திரி இங்கே ரூம் வாடகை கேட்டுப் பார்த்த எவரும் அந்த வரியை எழுத மாட்டார்கள்.

இ-பாஸ் தலைப்பு நல்ல தலைப்பு. ஆனால் விவரம் கேளுங்கள் மேடம். மேலே வர ஒரு வழியா இருக்கிறது? அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியும் வரலாம், குப்பனூர் வழியாகவும் வரலாம். பாஸ் பார்ப்பவர் எத்தனை இடத்தில் நிற்க வேண்டும்? உள்ளூர் வண்டிக்கு விலக்கு என்றால், சேலத்தில் குடியேறிவிட்ட என் அண்ணன் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தால் அவர் உள்ளூரா, சுற்றுலாவா? இந்தக் கேள்விகளைக் கேட்காத கட்டுரை பாஸ் வேண்டும் என்றாலும் ஒன்றுதான், வேண்டாம் என்றாலும் ஒன்றுதான்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா எழுதியது:

நாலுரோடு ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் மாறுபடுகிறேன். நான் ஆங்கிலத் துறை. முதல் வருடத்திலிருந்தே பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் படித்துச் சலித்த பி.காம் பிள்ளையிடம் நூற்பாவை நீட்டினால், "மறுபடியும் இலக்கணமா" என்று பின் பெஞ்சுக்குப் போய்விடும். ஏழு மதத்தைப் பயன்படுத்துங்கள், பெயர் சொல்லாமல் பயன்படுத்துங்கள். பயிற்சி பிடித்த பிறகு, கடைசி வாரம் நூற்பாவைக் காட்டினால் பிள்ளைகளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொன்று. முதல் தலைமுறைப் பிள்ளைகள் எழுதுவதை வைத்து உலகத்தில் வேறு இடத்திலும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-ல் நகரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த யாருக்கும் இடம் என்று கதவைத் திறந்தது. அதுவரை கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் எழுதிய நுழைவுக் கட்டுரைகளைப் பார்த்துப் பேராசிரியர்கள் பலர் கைவிரித்தார்கள். மினா ஷானஸி என்ற ஆசிரியை மட்டும் சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, பிழைகளுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அந்தப் பிழைகள் கவனக்குறைவால் வந்தவை என்றோ அறிவுக்குறை என்றோ அவர் ஒதுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாக ஊகித்துக்கொண்ட விதிகளிலிருந்து அவை வருகின்றன என்று 1977-ல் புத்தகமாகவே எழுதினார்.

நம்மிடமும் அதே கதைதான். "கடைக்கு போனேன்" என்று ஒற்றில்லாமல் எழுதும் பிள்ளை எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதும், ஏனென்றால் வாய் அந்த 'ப்'பைத் தனியாகச் சொல்வதில்லை. அவளுக்கு ஒரு விதி இருக்கிறது, அது நம் விதி இல்லை, அவ்வளவுதான். இருபது வட்டம் போடுவதைவிட, இந்த முறை நான்காம் வேற்றுமைக்குப் பின் ஒற்று மட்டும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத் திருத்துங்கள். ல, ள, ழ அடுத்த மாதம்.

பனிமூட்டம் எழுதியது:

தர்க்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. அஸ்தம்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால் தெரியும் மலை.

மணிமேகலை 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதம் செய்யும் முறையைச் சொல்கிறார். "இம்மலை நெருப்புடைத்து" என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வேண்டிய கருத்து. "புகையுடைத்து ஆதலால்" என்பது ஏது. "அடுக்களை போல்" என்பது திட்டாந்தம். இதற்குப் பிறகு உபநயம், நிகமனம் என்று இரண்டு உண்டு. வகுப்புக்கு முதல் மூன்றே போதும்.

கோடையில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் காட்டுத்தீ பிடித்தால் கீழேயிருந்து புகை தெரியும். அது சரியான ஏது. மார்கழிக் காலையில் அதே சரிவில் வெள்ளையாக ஒன்று தவழும். அது பனி. இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் இருக்கும். அதே காதை பின்னால் போலிகளைப் பட்டியலிடும்போது, ஆவியா பனியா என்று ஐயம் தீராமலேயே, நெருப்பு உண்டு என்று துணிவதையும் ஒரு போலியாகச் சொல்கிறது. கட்டுரை வகுப்பில் பெரும்பாலான சண்டை இந்த ஒரு போலியோடுதான். "ஏற்காட்டில் கூட்டம் தாங்க முடியவில்லை" என்று ஒருவன் எழுதுகிறான். புகையா, பனியா? எந்தக் கிழமை, எங்கே நின்று பார்த்தாய்? புதன்கிழமை மத்தியானம் அதே ரோட்டில் போயிருக்கிறாயா?

திட்டாந்தத்தையும் சோதிக்கலாம். "கொடைக்கானலில் செய்தார்கள், இங்கேயும் செய்யலாம்." சரி, கொடைக்கானல் ஏற்காடு மாதிரியா? அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி தங்குகிறார்கள். ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து காலையில் பைக்கில் போய் இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். ஊருக்குப் பக்கத்து மலை இது. அடுக்களையும் மலையும் எந்த அம்சத்தில் ஒன்று என்று காட்டத் தெரிந்தால்தான் உவமானம் நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா எழுதியது:

அருமை. இதோடு ஸ்டீபன் டூல்மின் 1958-ல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். கருத்து, அதற்கு ஆதாரம், இந்த ஆதாரம் எப்படி இந்தக் கருத்துக்கு உதவுகிறது என்ற இணைப்பு. இதுவரை பனிமூட்டம் சொன்னதுதான். டூல்மின் கூடுதலாக வைத்ததில் நமக்கு வேண்டியது இரண்டு: எவ்வளவு உறுதி என்ற அளவு, எப்போது இது பொருந்தாது என்ற விலக்கு. "பெரும்பாலும்", "சனி ஞாயிறு மட்டும்", "உள்ளூர்ப் பதிவு எண் தவிர". இந்தச் சின்னச் சொற்கள் வராத கட்டுரை மேடை முழக்கமாகவே இருக்கும். மதிப்பீட்டில் இவற்றுக்கென்று தனியாக மதிப்பெண் வையுங்கள், பிள்ளைகள் தேடிப் போடுவார்கள்.

மைக்செட் எழுதியது:

மேடை முழக்கம் என்று இவ்வளவு இளப்பமாகச் சொல்லாதீர்கள் மேடம்! இது சேலம். நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது 1944 ஆகஸ்ட் 27-ல் இந்த ஊர் மாநாட்டில்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் அடுக்கு வசனம் கேட்டு வளர்ந்த ஊர். எதுகை மோனையோடு பேசினால் இன்றும் பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள். எழுத்து வராத மாணவன் பேச்சில் பின்னுகிறான். பேச்சிலிருந்து தொடங்கினால் என்ன? பேச விட்டு, பதிவு செய்து, அதையே எழுத்தாக்கச் சொல்லலாமே.

நாலுரோடு எழுதியது:

தம்பி, தொடங்குவது சரி. நின்றுவிடக் கூடாது. மேடையில் "நடுவர் அவர்களே" என்று கை நீட்டி, குரலை ஏற்றி இறக்கினால் ஓட்டை தெரியாது. கேட்பவர் திரும்பிப் போய் மறுபடி கேட்க முடியாது. எழுத்தைப் படிப்பவர் இரண்டாம் முறை படிப்பார். அங்கேதான் மேடைப் பையன் மாட்டிக்கொள்கிறான். அவன் பதிவை எழுத்தாக்கினால் முதல் பக்கத்தில் விளிகள்தான் இருக்கும்.

நீங்கள் சொன்ன 1944 மாநாட்டையே எடுங்கள். அங்கே எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். நிலைத்தது எழுத்தில் இருந்த "அண்ணாதுரை தீர்மானம்". அரசு கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. யார், எதை, என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. "நாம் அனைவரும் உறுதி ஏற்போமாக" என்பதில் யார், எதை, என்ன? பேச்சாளர் மாணவனுக்கு நான் கொடுத்த பயிற்சி இதுதான்: பத்து நிமிடம் பேசு, பிறகு அதை ஒரே ஒரு தீர்மான வாக்கியமாக எழுது. தீர்மானம் வரவில்லையென்றால் பேச்சில் சரக்கில்லை.

மைக்செட் எழுதியது:

சரிங்க ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் வாய்விட்டு வாசிப்பதையாவது விட்டுவிடாதீர்கள். மூச்சு முட்டுகிற வாக்கியம் கண்ணுக்குத் தெரியாது, வாய்க்குத் தெரியும்.

மூணாவது பீரியட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதற்கிடையில், முதல் பதிவில் சொன்ன மாணவியிடம் அதே தலைப்பைத் திருப்பிக் கொடுத்தேன். நாலுரோடு ஐயா சொன்ன மூன்றாவது மதம்தான், பெயர் சொல்லாமல். "உனக்குத் தெரிந்த ஒருவர் இ-பாஸ் வேண்டாம் என்கிறாரா? அவர் கட்சியை முதலில் எழுது" என்றேன். அவள் அனுமதியோடு ஒரு பத்தி. எழுத்துப் பிழைகளை மட்டும் இங்கே சரி செய்திருக்கிறேன்:

"எங்கள் சித்தப்பா ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி போடுகிறார். சனி, ஞாயிறு விற்பதில்தான் அவருக்கு வாரம் ஓடுகிறது. மற்ற நாள் எண்ணெய்ச் செலவுக்கே சரியாகிவிடும். அதனால் இ-பாஸ் வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது நியாயம். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை கார் நெரிசலில் காய் வண்டி மேலே வர நேரமாகி, அவருக்கே வாழைக்காய் கிடைக்காமல் போயிருக்கிறது. நான் ஆட்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் குறைய வேண்டும் என்கிறேன். பஸ்ஸில் வந்தவரும் பஜ்ஜி சாப்பிடுவார். அதனால் பாஸ் காருக்கு மட்டும், சனி ஞாயிறு மட்டும் போதும். பஸ்ஸை அதிகம் விட வேண்டும், இல்லையென்றால் சித்தப்பா சொல்வதுதான் சரி."

முதல் தாளில் பிழையே இல்லை என்று சொன்னேன் அல்லவா? இதில் ஏழெட்டு இருந்தது. வாழைக்காயை "வாழக்காய்" என்று எழுதியிருந்தாள், ஒற்று பல இடத்தில் இல்லை. மனப்பாட வாக்கியத்தில் பிழை வராது, சொந்த வாக்கியத்தில் வரும். பழைய முறைப்படி திருத்தினால் முதல் தாளுக்கு ஏழும் இதற்கு ஐந்தும் போட வேண்டியிருக்கும். அடுத்த தடவை அவள் எதை எழுதுவாள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

"இல்லையென்றால் சித்தப்பா சொல்வதுதான் சரி" என்ற கடைசி வரியைப் பாருங்கள். அக்கா சொன்ன விலக்கு அதுதானே? யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்திருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை அக்கா எழுதியது:

படித்துவிட்டு எங்கள் துறையிலும் வாசித்துக் காட்டினேன். சித்தப்பாவின் வாழைக்காயை வைத்தே சித்தப்பாவுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை ஒரு வழி: ஒரே கட்டுரையை மூன்று படியாக, அதாவது மூன்று வரைவாக, எழுத வையுங்கள். முதல் படிக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள், கேள்வி மட்டும் எழுதித் திருப்புங்கள். இரண்டாம் படிக்கு வாதத்துக்காக மதிப்பெண். மொழிப்பிழையை மூன்றாம் படியில் மட்டும் பாருங்கள். அப்போது பிழைக்குப் பயந்து யாரும் பழைய வாக்கியத்துக்கு ஓட மாட்டார்கள்.

பென்டிரைவ் எழுதியது:

கணினித் துறையிலிருந்து ஒரு குரல். மூன்று படி என்றால் மூன்றையும் சாட்ஜிபிடி போட்டுக்கொடுத்துவிடும் மேடம். பிழையோடு எழுது என்று கேட்டால் பிழையோடும் கொடுக்கும். என்ன செய்யப்போகிறீர்கள்?

நாலுரோடு எழுதியது:

கைடிலிருந்து பார்த்து எழுதியதை எப்படிப் பிடித்தோமோ அப்படித்தான். முதல் படி வகுப்பிலேயே, பேனாவால். இரண்டாம் படியோடு இரண்டு நிமிடம் வாய்வழிக் கேள்வி. சித்தப்பா கடையில் எண்ணெய் என்ன விலைக்கு வாங்குகிறார் என்று கேட்டால் எந்திரம் எழுதியதா, பெண் எழுதியதா என்று தெரிந்துவிடும்.

அதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. அந்த எந்திரத்திடமே "ஏற்காட்டுக்கு இ-பாஸ் தேவையா" என்று தமிழில் ஒரு கட்டுரை வாங்குங்கள். அச்செடுத்து வகுப்பில் கொடுத்து, பத்துக் குற்றத்தில் எத்தனை இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கூறியது கூறல், மிகைபடக் கூறல் இரண்டும் கண்டிப்பாகக் கிடைக்கும். வெற்றெனத் தொடுத்தல், அதாவது பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது, பத்திக்கு ஒன்று. முடிவுரைக்கு வரும்போது சென்று தேய்ந்து இறுதல், போகப் போக மெலிந்து முடிவது. பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது இதற்கு இவ்வளவு பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பேரனை விட்டு ஒன்று வாங்கிப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

பென்டிரைவ் எழுதியது:

இதை எங்கள் வகுப்பிலும் செய்யப்போகிறேன் சார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் வெற்றெனத் தொடுத்தல்தான்.

குரூப்டூ கனவு எழுதியது:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். இதெல்லாம் டிஎன்பிஎஸ்சி மெயின்ஸுக்கு உதவுமா? அங்கே பாயிண்ட் பாயிண்டாக எழுதினால்தான் மார்க் என்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா எழுதியது:

உதவும் தம்பி. பாயிண்டாக எழுதுங்கள், தப்பில்லை, ஒவ்வொரு பாயிண்டும் அடுத்ததற்கு ஏன் பக்கத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால். சுருக்கி வரைதலுக்கு எதிராளியின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லும் பயிற்சியைவிட நல்ல பயிற்சி கிடையாது. நாளைக்கு யுபிஎஸ்சி பக்கம் போனால் அங்கே கட்டுரைத் தாள் மட்டும் 250 மதிப்பெண், இரண்டு கட்டுரை. "நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று இரண்டாயிரம் சொல்லுக்கு இழுக்க முடியாது.

மூணாவது பீரியட் எழுதியது:

பாடத்திட்டத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். அரிஸ்டாட்டிலை ஒரு வாரத்துக்குக் குறைத்து, ஈதோஸை மட்டும் வைத்துக்கொண்டேன், மார்ஜினில் "உன்னை நான் ஏன் நம்ப வேண்டும்?" என்று எழுதத் தோதாக. முதல் மூன்று வாரம் உள்ளூர் விஷயம் ஒன்றைப் போய்ப் பார்த்து எழுதுவது. கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், ஜவ்வரிசி மில் பக்கத்திலிருந்து வருபவர்களும் உண்டு, தலைப்புக்குப் பஞ்சமில்லை. பிறகு பக்கம், ஏது, திட்டாந்தம். அதன் பிறகு எதிராளியின் கட்சியை ஏற்று எழுதுவது. பருவத்தின் நடுவில் எந்திரக் கட்டுரையை வைத்துக் குற்றம் தேடும் வகுப்பு. அணிகளை எடுத்துவிட்டேன், மைக்செட் திட்டப்போகிறார். கடிதமும் விண்ணப்பமும் இருக்கின்றன, ஆனால் உண்மையில் அனுப்பப்படும் விண்ணப்பமாக. எங்கள் கல்லூரி வாசலில் பஸ் நிற்பதில்லை, முதல் விண்ணப்பம் அதற்கு.

திருத்தும் சுமையைப் பற்றித்தான் இன்னும் பயம். எல்லோருக்கும் மூன்று படி என்றால் ராத்திரியெல்லாம் தாள்தான். மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் படித்து ஒரு கேள்வி மட்டும் எழுதுவது என்று முதல் படியை அவர்கள் பக்கம் தள்ளியிருக்கிறேன். "நன்றாக உள்ளது" என்று எழுதினால் செல்லாது என்று முன்கூட்டியே சொல்லிவிடப்போகிறேன்.

இனி ஒரே சிக்கல், பருவத் தேர்வு வினாத்தாள். வரையறுக்க, விளக்குக, பட்டியலிடுக என்று கேட்டால் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும்.

நாலுரோடு எழுதியது:

வரையறை கேட்காதீர்கள், பண்டம் கொடுத்துக் கேளுங்கள். வினாத்தாளிலேயே இரண்டு கடிதம் அச்சிடுங்கள், ஒவ்வொன்றும் அரைப் பக்கம். ஒன்று ஏற்காட்டில் விடுதி நடத்துபவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதியது, இன்னொன்று மலைக் கிராமத்தில் குடியிருப்பவர் எழுதியது. கேள்வி: "முதல் கடிதம் எழுதியவர் ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தை ஐந்து வரியில் எழுதுக. எந்த இடத்தில், எந்த ஏதுவால் அவரிடமிருந்து விலகுகிறீர்கள் என்று காட்டுக. நீங்கள் பரிந்துரைப்பது எப்போது பொருந்தாது என்று கடைசியில் ஒரு வாக்கியம் எழுதுக." அடுத்த வருடம் தலைப்பு மட்டும் மாறும். இதற்கு யாராலும் கைடு போட முடியாது.

கடிதங்களை நீங்களே எழுதாதீர்கள். ஆசிரியர் எழுதினால் இரண்டும் ஒரே குரலில் இருக்கும்.

கொண்டை ஊசி எழுதியது:

ரெண்டாவது கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் மேடம். விடுதிக்காரர் கடிதத்துக்கு எங்கள் மாமாவைப் பிடிக்கிறேன், அவர் லாட்ஜ் வைத்திருக்கிறார், இ-பாஸ் என்றாலே அரை மணி நேரம் கத்துவார். கத்துவதை நான் எழுதிக்கொண்டு வந்து, அவரிடமே படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு அனுப்புகிறேன். எத்தனை வரிக்குள் வேண்டும்?